டாக்டர் பட்டத்துக்கு அப்பால்: உயிர்ப் பௌதிகத்தில் நமக்கு என்ன இருக்கிறது?

“எம்.எஸ்ஸி. முடிஞ்சதும் டாக்டர் பட்டத்துக்கு அஞ்சு வருஷம், ஆறு வருஷம்னு சொல்றே. சரி. அதுவும் முடிஞ்ச பிறகு, இன்னும் ரெண்டு மூணு வருஷம் வேற ஊர்ல போய் ஆராய்ச்சின்னு சொல்றியே, அது படிப்பா, உத்தியோகமா?”

செகந்திராபாத்தில் இருக்கும் என் பெரியப்பா சென்ற தீபாவளியன்று கேட்ட கேள்வி இது. ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த உத்தியோகத்தைப் பற்றிப் பேசினாலும் கிரேடு என்ன, இன்கிரிமெண்ட் என்ன, பென்ஷன் உண்டா என்று மூன்று கேள்விகள் கேட்டுப் பழகியவர். “ரெண்டும்தான், பெரியப்பா” என்றேன். “ரெண்டும்னா ரெண்டும் இல்லைன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு, அதிரசத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. பிறகு தேடிப் பார்த்துத் தெரிந்து கொண்டதே இக்கட்டுரை. நம் மன்றத்தில் பௌதிகமும் கணிதமும் படிக்கிற நண்பர்கள் பலர் இருக்கிறோம். நம்மில் சிலருக்கேனும் உயிரியல் பக்கம் மனம் சாய்கிறது. ஆனால், ‘பள்ளிக்கூடத்தோடு உயிரியலுக்குத் தலைமுழுகிய நமக்கு அங்கே என்ன வேலை?’ என்ற தயக்கமும் கூடவே வருகிறது. டாக்டர் பட்டத்துக்குப் பின் வரும் அந்த ஆண்டுகள், நம் பேச்சில் ‘போஸ்ட்-டாக்’, இந்தத் தயக்கத்தைத் தாண்டுவதற்கு வாய்த்த காலம் என்பது என் எண்ணம். எந்தப் பெரிய பெயரின் கீழ் அதைக் கழிக்கிறோம் என்பதைவிட, அடுத்த கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியம் என்றும் எண்ணுகிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் பார்ப்போம்.

கோட்பாட்டு உயிர்ப் பௌதிகம் என்பது, உயிருள்ள பொருளைப் பௌதிகத்தின் கண்ணால் பார்த்து, கணக்கிட்டு, ‘இது இப்படித்தான் இருக்க முடியும், அப்படி இருக்க முடியாது’ என்று சொல்லும் சாஸ்திரம். நுண்நோக்கியும் சோதனைக் குழாயும் மற்றவர்கள் கையில் இருக்கும். நம் கையில் இருப்பது காகிதம், பென்சில், கம்ப்யூட்டர். இதற்கு உதாரணம் தேட அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கிண்டிக்குப் போனால் போதும்.

1952-ஆம் ஆண்டு, கோ. நா. இராமச்சந்திரன் என்ற இளைஞர் சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகத் துறைத் தலைவராக வந்து சேர்ந்தார். வயது முப்பது. 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, பிறகு கேம்பிரிட்ஜுக்கும் போய் வந்தவர். அவருக்குத் தெரிந்த வித்தை படிகங்களும் எக்ஸ்-கதிர்களும். அந்த வித்தையை எதன் மேல் செலுத்துவது என்று எண்ணிக் கொண்டிருந்த வேளையில், இங்கிலாந்து விஞ்ஞானி ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்ற புரோட்டீனின் உருவம் இன்னும் சரியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அவர் பேச்சு வாக்கில் சொன்னார்.

கொலாஜன் என்பது நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் சட்டமாக நிற்கும் பொருள். தோல் என்றாலே பெரும்பகுதி கொலாஜன்தான். சென்னையோ தோல் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே, அடையாற்றில் இருந்தது. பொருளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் ஒரு விடையை வெளியிட்டார்கள்: கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு. முப்புரி என்று நாம் சொல்வோமே, அதுதான். இந்தப் புரோட்டீன் சங்கிலியில் மூன்றாவதாக வரும் ஒவ்வோர் அமினோ அமிலமும் கிளைசின். இருப்பதிலேயே மிகச் சிறியது. கயிற்றின் உட்பக்கத்தில் இடம் குறைவு. அங்கே அடங்கக் கூடியது அந்தச் சிறியது ஒன்றே. எனவே மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்பது தற்செயலன்று, அது கயிற்றின் தேவை. கணக்கு உயிரியலுக்குள் புகுந்து பேசுவது என்றால் இதுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நம் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக நின்றிருக்கும். 1955-ல் ரிச், கிரிக் என்ற இருவர் மறுப்பு எழுதினார்கள். முப்புரிக் கயிறு சரிதான். ஆனால் சென்னைக்காரர்கள் போட்ட உருவத்தில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் கண்டனம். கிரிக் என்பவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் டி.என்.ஏ.யின் உருவத்தைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்தால் பலர் மனம் ஒடிந்து போவார்கள். இராமச்சந்திரன் வேறு மாதிரி யோசித்தார். ‘அளவுக்கு மீறி என்கிறீர்களே, அந்த அளவு என்ன?’

இரண்டு அணுக்கள் பிணைப்பு இல்லாமல் எவ்வளவு தூரம் வரை நெருங்கி நிற்கலாம்? அதுவரை உருவம் தெரிந்திருந்த சிறு மூலக்கூறுகளின் படிகங்களை எல்லாம் புரட்டி அட்டவணை ஒன்று போட்டார்கள். பிறகு புரோட்டீன் சங்கிலியை எடுத்துக் கொண்டார்கள். அதன் ஒவ்வொரு கணுவிலும் திருப்பக்கூடிய கோணங்கள் முக்கியமாக இரண்டு; அவற்றுக்கு ஃபை, ஸை என்று பெயர். கோணத்துக்கு 360 பாகை. ஒன்றைக் கிடைக் கோட்டிலும் மற்றொன்றை நெடுங்கோட்டிலும் வைத்துச் சதுரம் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் அணுக்கள் மோதுகின்றனவா என்று கணக்கிட்டார்கள். மோதினால் அந்த இடம் ஆகாது. இப்படிச் சலித்து எடுத்தபோது, சதுரத்தில் மிஞ்சியது கால் பங்குக்கும் குறைவு. இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963-ல் இதை வெளியிட்டார்கள். கட்டுரை ஐந்தே பக்கம். அந்தப் படம்தான் இன்று உலகம் முழுவதும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்று வழங்குகிறது.

அன்றைக்கு உருவம் தெரிந்த புரோட்டீன்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. 1971-ல் புரோட்டீன் உருவங்களுக்கென்று உலகப் பொதுக் களஞ்சியம் ஒன்று தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழு. 2023 ஜனவரியில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டியது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவர், தாம் கண்ட உருவம் சரிதானா என்று சோதிக்க இன்றும் அந்தச் சதுரத்தில்தான் புள்ளி வைத்துப் பார்க்கிறார். பார்க்கும் முன்பே, பார்க்கக் கூடியது எது என்று சொல்லி விட்ட படம் அது. எனக்கு இதில் பெருமையாகத் தோன்றுவது, நம்மவர் செய்தார் என்பது மட்டுமன்று. பக்கத்தில் தோல் ஆராய்ச்சி நிலையம், எதிரில் கூர்மையான ஒரு கண்டனம், கையில் படிக வித்தை, இவை மூன்றும் சேர்ந்த இடத்தில் அது பிறந்தது என்பதுதான்.

இந்தக் கோணங்களிலிருந்தே அடுத்த புதிர் பிறக்கிறது. 100 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய சங்கிலி ஒன்று. ஒவ்வொரு கணுவும் மூன்றே நிலைகளில் நிற்க முடியும் என்று வைத்துக் கொள்வோம். மொத்த நிலைகள் மூன்றை நூறு முறை பெருக்கிய தொகை. அதாவது 5-க்குப் பின் 47 சைபர். ஒரு வினாடிக்குப் பத்து லட்சம் கோடி நிலைகள் வீதம் முயன்று பார்த்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 10-ஐ 27 முறை பெருக்கிய அளவுக்கு ஆண்டுகள் வேண்டும். பிரபஞ்சத்தின் வயது 1,400 கோடி ஆண்டுகூட இல்லை. ஆனால் நம் உடம்பில் இத்தகைய சங்கிலி ஒரு வினாடிக்குள், பல சமயம் அதற்கும் வெகு முன்னரே, தன் சரியான உருவத்தில் மடங்கி விடுகிறது. இந்த முரண்பாட்டை 1960-களின் இறுதியில் எடுத்துக் காட்டிய சைரஸ் லெவிந்தால், அணுக்கருப் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்று உயிரியலுக்கு வந்தவர்.

விடை என்னவென்றால், சங்கிலி குருடன் போல் ஒவ்வொரு கதவாகத் தட்டுவதில்லை. அதன் ஆற்றல் நிலப்பரப்பு புனல் போலச் சரிந்திருக்கிறது. எங்கே புறப்பட்டாலும் சரிவு அதை ஒரே பள்ளத்தை நோக்கி இழுக்கிறது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து இக்கருத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் பீட்டர் வோலின்ஸும் ஹோசே ஒனுச்சிக்கும். இவர்கள் சேர்ந்திருந்த கோட்பாட்டு உயிர்ப் பௌதிக மையம் 2002-ல் கலிபோர்னியாவின் சான் டியகோவில் தொடங்கி, 2011-ல் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்துக்குக் குடி பெயர்ந்தது. ஏன் ஹூஸ்டன்? சாலையைத் தாண்டினால் எதிரே டெக்சாஸ் மருத்துவ மையம். ஆஸ்பத்திரிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் நிறைந்த ஒரு தனி நகரம். கிண்டிக்கு அடையாறு எப்படியோ, ரைஸுக்கு அது அப்படி.

போஸ்ட்-டாக் ஒருவர் இப்படிப்பட்ட அண்டை வீட்டால் என்ன அடைந்தார் என்பதற்கு இன்னொரு கதை. ஹார்வர்டில் பௌதிகப் பக்கம் டாக்டர் பட்டம் பெற்ற கிளிஃபோர்ட் பிராங்வின், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உயிரணு ஆராய்ச்சியாளர் ஆந்தனி ஹைமனிடம் போய்ச் சேர்ந்தார். அதே ஊரில் சிக்கலான அமைப்புகளின் பௌதிகத்துக்கென்று மாக்ஸ் பிளாங்க் நிலையம் ஒன்று உண்டு. கோட்பாட்டாளர் ஃபிராங்க் யூலிஹர் இருப்பது அங்கே. புழு ஒன்றின் கருவில் காணப்படும் சில மணிகளை எல்லோரும் திடப் பொருள் போலவே எண்ணி வந்தார்கள். பிராங்வின் உற்றுப் பார்த்தபோது, அவை ஒன்றோடொன்று சேர்ந்தன, வழிந்தன, சொட்டின. சாம்பாரின் மேல் மிதக்கும் நல்லெண்ணெய்த் துளிகளைக் கரண்டியால் தள்ளிப் பாருங்கள், அதே காட்சி. உயிரணு தன் உள்ளே சுவர் இல்லாமலே அறை பிரித்துக் கொள்கிறது என்று தெரிந்தது. இது 2009-ல் வெளியாயிற்று. உயிரியல் மட்டும் படித்தவர் கண்ணுக்கு அது வெறும் மணி. திரவங்கள் பிரிவதைப் பற்றிப் படித்தவர் கண்ணுக்கு அது துளி.

இனி, நம் ஐதராபாத்தைப் பார்ப்போம். நகரின் கிழக்கே ஹப்சிகூடாவில் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் இருக்கிறது. 1977-ல் தொடங்கியது, சி.சி.எம்.பி. என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். மேற்கே கச்சிபௌலி, கோபன்பள்ளிப் பக்கத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் ஐதராபாத் வளாகம். 2010-ஐ ஒட்டித் தொடங்கிய இந்நிலையத்தின் நோக்கமே துறைகளுக்கு இடையே சுவர் இல்லாமல் பௌதிகமும் ரசாயனமும் உயிரியலும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது. 2012 முதல் 2016 வரை இதன் இயக்குநராக இருந்தவர் ஸ்ரீராம் ராமசாமி. ‘இயங்கு பொருள்’ என்னும் புதிய இயலை வளர்த்தவர்களில் ஒருவர் அவர். பறவைக் கூட்டம், மீன் கூட்டம், நீந்தும் பாக்டீரியா, உயிரணுவின் உள் இழைகள் இவையெல்லாம் தாமே ஆற்றலைச் செலவிட்டு நகர்பவை. சாதாரணத் திரவத்தின் விதிகள் இவற்றுக்குப் போதா. ஒரே திசையில் அணிவகுத்து நீந்தும் நுண்ணுயிர்க் கூட்டம், தான் கிளப்பும் நீரோட்டத்தாலேயே அணி குலைந்து போகும் என்று அதிதி சிம்ஹாவும் ராமசாமியும் 2002-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பாக்டீரியாக் கூட்டங்களில் காணும் சுழல்களைப் புரிந்து கொள்ள இன்றும் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இவ்விரண்டுக்கும் இடையே மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஹப்சிகூடாவில் ஏறினால் ராய்துர்க்கத்தில் இறங்கலாம். அப்புறம் ஒரு பஸ்ஸோ ஆட்டோவோ. ஐதராபாத் பல்கலைக்கழகமும், கம்ப்யூட்டர் மூலம் உயிரியல் ஆராயும் பிரிவு கொண்ட ஐ.ஐ.ஐ.டி.யும் அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். வந்து சேர்ந்த ஊர் இந்த விஷயத்தில் மோசமான ஊரன்று. நாட்டில் வேறு எங்கே என்றால், பங்களூரில் தேசிய உயிர் விஞ்ஞான மையத்துக்கு உள்ளேயே கோட்பாட்டாளர்களுக்கென்று சைமன்ஸ் மையம் இருக்கிறது. அங்கே சோதனைச்சாலைக்கு நடந்து போக ஒரு தாழ்வாரம் போதும். அதே ஊரில் சர்வதேசக் கோட்பாட்டு விஞ்ஞான மையமும் உண்டு. சென்னைத் தரமணியில் 1962-ல் தோன்றிய கணித விஞ்ஞான நிலையத்தில் உயிரியல் கணக்குகள் செய்யும் குழு இருக்கிறது.

பௌதிகம் படித்தவர் தாண்டி வர முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மாக்ஸ் டெல்ப்ரூக் ஜெர்மனியில் பௌதிகம் பயின்றவர்; 1937-ல் ராக்ஃபெல்லர் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா போய், பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களிடம் சிக்கிக் கொண்டார். 1969-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது மருத்துவத்துக்கு. அவர் போல் தாண்டியவர்களில் நமக்கு நெருங்கியவர் வெங்கி ராமகிருஷ்ணன். 1952-ல் சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்தவர். 1976-ல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டுப் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பெற்ற கையோடு, தம் மனம் இதில் இல்லை என்று கண்டு கொண்டார். டாக்டர் என்று கூப்பிடப்பட்ட மனிதர், மறுபடியும் சான் டியகோவில் உயிரியல் மாணவராகப் போய் இரண்டு ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு 1978 முதல் 1982 வரை யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் போஸ்ட்-டாக். அங்கேதான் அவருக்கு ரிபோசோம் அறிமுகமாயிற்று. அது முடிந்தபின் ஆசிரியர் வேலைக்கு ஏறக்குறைய 50 கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டார், ஒன்றும் கிடைக்கவில்லை. அரசாங்க ஆராய்ச்சிச்சாலைகளில் தொடர்ந்து உழைத்தார். 2009-ல் ரசாயன நோபல் பரிசு. பரிசை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளாமல், அந்த ஐம்பது விண்ணப்பங்களையும் நாம் நினைவில் வைத்துக் கொள்வது நல்லது. அவர் கோட்பாட்டை விட்டுச் சோதனைக்குப் போனவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாண்டிய பிறகு எந்தக் கரையில் ஏறுவோம் என்பது தாண்டும்போது தெரிவதில்லை போலும்.

அவர் காலத்தில் இருந்ததைவிட இன்று ஒரு வசதி உண்டு. தாண்டுவதற்கென்றே பணம் தருகிறார்கள். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஹியூமன் ஃபிராண்டியர்’ விஞ்ஞானத் திட்டத்தில் இந்தியாவும் உறுப்பு நாடு. அதன் உபகாரச் சம்பளங்களில் ஒன்று, பௌதிகம், ரசாயனம், கணிதம், பொறியியல் ஆகியவற்றில் பட்டம் பெற்று உயிரியலுக்கு வருவோருக்கு மட்டுமே உரியது. மூன்று ஆண்டுகள் தருவார்கள். வேறு நாட்டுக்குப் போய்ப் பணியாற்ற வேண்டும். டாக்டர் பட்டத்திலேயே உயிரியலுக்குள் முழுமூச்சாக இறங்கியவருக்கு இது பொருந்தாமல் போகலாம். அவருக்கு அதே திட்டத்தில் வேறு பிரிவு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உபகாரச் சம்பளத்துக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அப்துஸ் ஸலாம் 1964-ல் நிறுவிய கோட்பாட்டுப் பௌதிக மையம் நம் போன்ற நாட்டு இளைஞர்களை எண்ணியே தோன்றியது. உயிரியலைக் கணக்கிடும் பிரிவு அங்கே தனியாக இருக்கிறது. பெண்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தைப் பேற்றுக்கும் வளர்ப்புக்கும் விட்ட காலத்தை, மேரி கியூரி போன்ற திட்டங்களில் டாக்டர் பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுக் கணக்கிலிருந்து கழித்து விடுகிறார்கள். ‘இடைவெளி விழுந்து விட்டதே’ என்று முன்கூட்டியே ஒதுங்க வேண்டாம்.

உள்நாட்டில் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இப்போது தேசிய போஸ்ட்-டாக் உபகாரச் சம்பளத்தைக் கவனிக்கிறது. உயிரியல் தொழில்நுட்பத் துறையும் லண்டன் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய இந்தியா அலையன்ஸின் காரியாலயம் நம் ஐதராபாத்திலேயே இருக்கிறது. அதன் மூன்றாம் கட்டத்துக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவை நாமே பணத்தைக் கொண்டு போகும் வழி. நிலையம் தானே தரும் இடங்கள் வேறு. பேராசிரியர் தம் திட்டப் பணத்திலிருந்து தரும் இடங்கள் வேறு. கடைசியில் சொன்னதில்தான் ஜாக்கிரதை வேண்டும். திட்டம் முடிந்தால் இடமும் முடிந்து போகும்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அங்கே விசா விஷயத்தில் சமீபத்தில் இரண்டு மாற்றங்கள். ஜே-1 விசாவில் போனவர்களில் பல இந்தியர்கள் இரண்டு ஆண்டு ஊர் திரும்பி இருந்தே ஆக வேண்டும் என்று கட்டுப்படுத்திய துறைப் பட்டியலிலிருந்து, 2024 டிசம்பரில் இந்தியாவின் பெயர் எடுக்கப்பட்டது. அரசாங்கப் பணத்தில் போகிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வரலாம். எதிர்ப்பக்கம், எச்-1பி விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். எந்தச் சர்வகலாசாலை ஒரு போஸ்ட்-டாக்குக்காக அதைக் கட்டும்? ஆதலால் அழைப்புக் கடிதம் வந்ததும் எந்த விசா என்று முதலிலேயே கேட்டு விடுவது நல்லது. கேட்பதில் வெட்கம் இல்லை.

பெரியப்பாவின் மூன்று கேள்விகளுக்கு வருகிறேன். கிரேடு உண்டு: ரிசர்ச் அசோசியேட் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை. மத்திய அரசு 2023-ல் திருத்தியபடி மாதம் முறையே ரூ.58,000, ரூ.61,000, ரூ.67,000, வீட்டு வாடகைப் படி தனி. இன்கிரிமெண்ட் என்றால் இந்த நிலைக்கு நிலை உள்ள வித்தியாசம்தான். பென்ஷன் இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பணம் மாதா மாதம் தேதி தவறாமல் வரும் என்று எண்ணிக் கடன் வாங்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா நான்கு மாதம் சம்பளம் வராமல், தம்பியிடம் கைமாற்று வாங்கி வாடகை கொடுத்தார். பிறகு மொத்தமாக வந்தது. வீட்டுக்காரர் மொத்தமாக வாங்கிக் கொள்ளச் சம்மதித்தால் சரிதான்!

முப்பது வயதை நெருங்கும்போது, கூடப் படித்தவர்கள் ஹைடெக் சிட்டியில் வீடு வாங்கிக் கிருகப்பிரவேசப் பத்திரிகை அனுப்பும்போது, நாம் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இன்னொரு ஊரில் சமையல் பாத்திரம் வாங்கிக் கொண்டிருப்போம். வீட்டில் நம் பணத்தை எதிர்பார்க்கிறவர்கள் இருந்தால் இந்தக் கணக்கை டாக்டர் பட்டத்தில் சேரும் முன்பே போட்டுப் பார்த்துவிட வேண்டும். நான் போட்டுப் பார்த்தேன். என் தங்கையின் படிப்பு முடியும் ஆண்டையும் அதில் எழுதிக் கொண்டேன். விடை இன்னும் முழுதாக வரவில்லை. ஆனால் எண்கள் கண்ணெதிரே இருப்பது ஒரு நிம்மதி.

இறங்குவது என்று தீர்மானித்தவர்கள் டாக்டர் பட்டம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே கடிதம் எழுதத் தொடங்க வேண்டும். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆராய்ச்சியால் பெரிதும் கவரப்பட்டேன்’ என்று எழுதி, அதையே நாற்பது பேருக்கு அனுப்பினால், நாற்பது பேரும் படிக்க மாட்டார்கள். அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது உட்கார்ந்து படித்து, அதில் ஒரு கணக்கை நாமே செய்து பார்த்து, எங்கே நமக்கு விளங்கவில்லை என்றோ, எந்த இடத்தில் வேறு விடை வந்தது என்றோ ஒரு பக்கத்தில் எழுதினால் பதில் வரக்கூடும். கூடவே ஒரு கேள்வியும் கேட்கலாம்: ‘உங்கள் கணக்கைச் சோதித்துப் பார்ப்பவர் யார்? அவர் சோதனைச்சாலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?’ நடந்து போகும் தூரம் என்று பதில் வந்தால், ஊரின் பெயரும் பேராசிரியரின் புகழும் சற்றுக் குறைவாக இருந்தாலும் நான் அங்கேதான் போவேன்.

இதற்கிடையில் இங்கேயே ஒன்று செய்யலாம். நம் துறைக்கு வரும் ஆராய்ச்சிச் சொற்பொழிவு அறிவிப்புகளைப் பார்க்கும் நாம், பக்கத்து உயிரியல் துறை அறிவிப்புப் பலகையையும் பார்ப்பது. சென்ற மாதம் நான் முதல் முறையாக அப்படி ஒன்றுக்குப் போனேன். முதல் இருபது நிமிஷம் ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருபத்தோராவது நிமிஷத்தில் பேசியவர் திரையில் ஒரு படத்தைப் போட்டார்: ஒரு சதுரம், ஓரங்களில் ஃபை, ஸை, நடுவே திட்டுத் திட்டாகப் புள்ளிகள். ஒன்றே ஒன்று மட்டும் ஆகாத இடத்தில் தனியாக நின்றது. “இது ஏன் இங்கே இருக்கிறது என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை” என்றார் அவர். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.